அடுப்படிச் சுவர்

ஜவாத்தின் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஒழுங்கையைத் தாண்டியதுமே, அவர் மகள் நிப்லா அடுப்படிக்குப் போய் மணலையும் சீமெந்தையும் வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். பாலமுனையிலிருந்து வந்திருந்த பெரியம்மா யாசீன் ஓதுவதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"மையத்த இன்னும் மண்ணுக்குள்ள வைக்கல்ல. அதுக்குள்ள சாந்து குழைக்கிறியா மகள்?"

"அவங்க திரும்பி வாறதுக்குள்ள இத அடைக்கணும் பெரியம்மா."

அடுப்படிக்கும் உம்மாவின் அறைக்கும் நடுவே இருந்த சுவரில் ஓர் ஓட்டை. இடுப்பளவிலிருந்து தலைக்கு மேல் வரைக்கும், ஒரு மேசையை நிமிர்த்தி வைத்த அகலம். முந்தின நாள்தான் ஜவாத் உளியும் சுத்தியலுமாக நின்று உடைத்தார். விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். எதற்காக உடைத்தார் என்று நிப்லாவுக்குத் தெரியவில்லை.

ஜவாத் மின்சார மீட்டர் பார்த்துப் பென்சன் எடுத்தவர். கல்முனையில் அவர் எட்டிப் பார்க்காத வீடில்லை. பார்த்ததில் பிடித்ததையெல்லாம் மனைவி லைலாவின் பழைய சீதன வீட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தார். கட்டட வேலைக்கு மேசனை நம்பமாட்டார், தானே உடைப்பார், தானே பூசுவார். மண்டபத்தைப் பெரிதாக்கியதில் இரண்டு அறைகள் போயின. அடுப்படிக் குழாயைத் திறந்தால் குளியலறையில் தண்ணீர் வந்தது. ஏசிக்கொண்டே சாந்து குழைத்துக் கொடுத்ததில் நிப்லாவும் கல் வைக்கப் பழகிப் போனாள்.

காலையில் வந்த பெண்களில் பாதிப் பேர் மையத்தின் முகத்தைப் பார்க்க முன்னமே ஓட்டையைத்தான் பார்த்தார்கள். அலுமாரி வைக்க என்றாள் ஒருத்தி. கடை போட என்றாள் இன்னொருத்தி. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் அழுகைக்கு நடுவே நிப்லாவின் மனத்தைக் குடைந்ததும் அதே கேள்விதான். அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

உம்மா இனி நாலு மாதமும் பத்து நாளும், கணவரை இழந்த பெண்களுக்கான இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வீட்டில் மிஞ்சியது அந்த ஓர் அறைதான். அடுப்படிக்கோ மீன்காரன், விறகுக்காரன் எல்லோரும் வந்து போவார்கள். சேலையைக் கட்டிப் பார்த்தார்கள். கடற்காற்று தூக்கி எறிந்தது. நாளைக்கு மேசனைக் கூப்பிடலாம் என்றார்கள். அவனும் அந்நிய ஆண்தானே. பெரியம்மா பாலமுனைக்கு அழைத்தார், நிப்லா தன் வீட்டுக்கு அழைத்தாள்.

"அவர் மௌத்தான ஊட்ட உட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டன்" என்று உம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

நிப்லா வைக்க வைக்கக் கல் ஏறியது. அந்தப் பக்கம் கட்டிலில் வெள்ளைச் சேலையோடு உம்மா இருந்தார். மடி மறைந்தது, நெஞ்சு மறைந்தது. முகம் மட்டும் தெரிந்தபோது நிப்லாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உம்மா, வாப்பா இத என்னத்துக்கு ஒடச்ச?"



"நான்தான் ஒடைக்கச் சொன்ன. அவர் கட்டில்ல படுத்துக்கிட்டுக் கதைப்பார். அடுப்படில எனக்கு ஒண்டும் கேக்கிறல்ல. கேக்கல்ல, கேக்கல்ல எண்டு நான்தான் கரைச்சல் குடுத்த. சும்மா இருந்திருந்தா அந்த மனிசன் சுத்தியலத் தூக்கியிருக்கவும் மாட்டார்."

நிப்லா சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தாள். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொன்னாள். சொன்னது போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

"ஒடச்ச பொறகு கதைச்சாரா?"

"ஓம். ராவு தேத்தண்ணி ஊத்திக் குடுத்த நான். இதுக்குள்ளால தலைய நீட்டி, சீனி காணாது எண்டார். சீனி வருத்தக்காரருக்கு இது போதும் எண்டு சொல்லிட்டு, நான் திரும்பியும் பார்க்கல்ல."

நிப்லா அடுத்த கல்லை வைத்தாள், முகமும் மறைந்தது. முக்காலியைப் போட்டு ஏறி நின்று மற்றக் கற்களையும் அடுக்கினாள். உச்சியில் ஒரு கல்லுக்கான இடம் மட்டும் மிச்சமிருந்தது. அது எந்த ஆணின் கண்ணுக்கும் எட்டாத உயரம்.

ஒழுங்கையில் ஆண்களின் பேச்சுக் குரல் கேட்கத் தொடங்கியது. கடைசிக் கல்லைத் தூக்கியவள் அதைத் திரும்பவும் கீழே வைத்தாள்.

"ஏன் மகள் நிப்பாட்டின?" உம்மாவின் குரல் அந்த இடைவெளிக்குள்ளால் தெளிவாக வந்தது.

"சாந்து முடிஞ்சி போச்சு உம்மா."

அவள் காலடியில் பாதி வாளிச் சாந்து மெல்ல இறுகிக்கொண்டிருந்தது.