பாஸ்கர் சொன்ன ஜெர்க்

பெனிஷா கொண்டுபோய் வைத்த தாளில் மேலாளர் பாலகணேஷ் ஒரே ஒரு வரியைத்தான் அடித்திருந்தார். அடித்ததற்கு மேல் சிவப்பு மையில் வேறு வரி எழுதியிருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். 

எண்ணூர் சாலையோரத்தில் இருக்கும் அந்தக் கன்டெய்னர் யார்டில் அவளுக்கு அலுவலக வேலை. முந்தின நாள் காலை மூன்றாம் நம்பர் கிரேனிலிருந்து பெட்டி ஒன்று திடீரென்று கீழே இறங்கி, அதை லாரியில் பொருத்திக்கொண்டிருந்த எபினேசரின் காலை நசுக்கிவிட்டது. கிரேனை ஓட்டியவர் பாஸ்கர். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர், பதினாறு வருட அனுபவம். அவருடைய வாக்குமூலத்தைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு பெனிஷாவுக்கு வந்தது.

பாஸ்கர் சொன்னது அவள் காதிலேயே நின்றது. "பெட்டி நாலடி மேல சும்மா நின்னுகினு இருந்திச்சிம்மா. நான் லீவர தொடவேயில்ல. தானா ஒரு ஜெர்க் அடிச்சிது. அப்டியே எறங்கிச்சி."

கிரேன் தானாகக் குலுங்கியது என்று அவள் எழுதியிருந்தாள். சிவப்பு மை, ஓட்டுநர் லீவரை வெடுக்கென்று இழுத்தார் என்றது. இரண்டிலும் இருந்தது ஒரே ஆங்கிலச் சொல்தான், ஜெர்க்.

"சார், அவங்க இப்படிச் சொல்லல," என்றாள்.

"ஜெர்க்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாங்க. கிரேன் ஜெர்க் ஆச்சுன்னு சொன்னாங்க."

"ஜெர்க்னா ஜெர்க்தான பிள்ள. டிக்‌ஷனரிய எடுத்துப் பாரு."

அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். வண்டி குலுங்கினாலும் ஜெர்க், கயிற்றைச் சுண்டி இழுத்தாலும் ஜெர்க், தூக்கத்தில் கால் வெட்டி இழுத்தாலும் ஜெர்க். ஐந்தாறு அர்த்தம் போட்டிருந்தது. யார் செய்தது, யாருக்கு நேர்ந்தது என்பதை அந்தச் சொல்லுக்கு முன்னால் வரும் சொல்தான் முடிவுசெய்தது. பாலகணேஷ் மாற்றியதும் அந்த முன் சொல்லைத்தான்.

"ஆறு மணிக்குள்ள நாப்பது பெட்டி துறைமுகத்துக்குப் போயாகணும்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கிரேன்ல கோளாறுன்னு எழுதினா ஒரு வாரம் பூட்டிருவாங்க. நம்ம ஊருப் பிள்ளைன்னுதான் உன்ன வேலைக்கு எடுத்தேன். ராசையா அண்ணாச்சி முகத்துக்காக. டைப் பண்ணிட்டு வா."

ராசையா அவளுடைய அப்பா. ராயபுரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். பெனிஷா திரும்ப டைப் அடித்தாள். தாளின் அடியில் இன்னொரு வரி இருந்தது. மேற்கண்டதை வாக்குமூலம் கொடுத்தவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அதன் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

பாஸ்கர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இரவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த கண்கள். பேனாவை வாங்கிக்கொண்டு, "எங்கம்மா போடணும்?" என்றார்.

"படிச்சுக் காட்டு," என்றார் பாலகணேஷ் அவளிடம். கண்ணை எடுக்கவில்லை.

முதல் ஆறு வரிகள் பழுதில்லாமல் போயின. ஏழாவது வரியில் நிறுத்தினாள். கிரேன் ஜெர்க் ஆச்சு என்று வாயால் சொல்லிவிட்டால் முடிந்தது, பாஸ்கர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. 

"நான் லீவரை வெடுக்குன்னு இழுத்தேன். அதனால பெட்டி கீழ விழுந்துச்சு."

பாஸ்கர் நிமிர்ந்தார். "இன்னாம்மா சொன்னே? திருப்பிப் படி."

அவள் அதையே மறுபடி படித்தாள்.

"நான் எங்க சார் இழுத்தேன்?" என்று பாலகணேஷைக் கேட்டார் பாஸ்கர். குரல் உயரவில்லை. "பிரேக்கு புடிக்கலன்னு போன வாரமே சொன்னேனே."

அப்போது வெளியே கிரேனின் எச்சரிக்கைச் சைரன் ஒலித்தது. பாஸ்கரின் முகம் மாறிப்போனது. "மூணாம் நம்பரா அது? அத்த யார் ஓட்டிகினு கீறது?"

"அந்தச் சின்னப் பையன், வெற்றி," என்றாள் பெனிஷா.

அவர் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார். பின்னால் பாலகணேஷ் கூப்பிடுவது கேட்டும் நிற்காமல் பெனிஷாவும் ஓடினாள்.

கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கியிருந்தது. இரண்டு ஆள் உயரத்தில் அது நிற்க, அடியில் லாரி மேடையில் தொழிலாளி மணி குனிந்து, பெட்டியைப் பொருத்தும் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், காதும் கொஞ்சம் மந்தம். கிரேனின் இரும்புக் கால் ஒன்றில் அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருந்தது. பெனிஷா அதை நோக்கிக் கை நீட்டினாள்.

"தொடாதம்மா," என்றார் பாஸ்கர். "மோட்டார் நின்னா பிரேக்குதான் தாங்கணும். அது தாங்காது."

கை அந்தரத்தில் நின்றது. பாஸ்கர் இரண்டு கைகளையும் விரித்து மேலே கேபினைப் பார்த்து அசையாதே என்று காட்டினார். வெற்றி பார்த்துவிட்டான். பெட்டி அப்படியே நின்றது. பிறகு பாஸ்கர் லாரியின் பக்கவாட்டில் தாவி ஏறி, மணியின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். இருவரும் சரிந்து தரையில் விழுந்தார்கள்.

"இன்னாடா நைனா," என்றார் மணி, முழங்கையைத் தேய்த்தபடி.

பாஸ்கர் எழுந்தார். லாரியை முன்னால் எடுக்கச் சொன்னார். எல்லோரையும் தள்ளி நிற்கவைத்தார். பெட்டியை மெல்ல இறக்கும்படி வெற்றிக்குக் கை காட்டினார். பெட்டி ஓரடி இறங்கியது. இன்னும் ஓரடி. பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க, நிறுத்து என்று கையை மூடினார். வெற்றி நிறுத்தினான். பெட்டி ஒரு கணம் நின்றது, உதறிக்கொண்டது, பிறகு மொத்தமாகக் கீழே வந்தது.

சத்தம் உள்ளங்கால் வழியாக ஏறி பெனிஷாவின் பற்களில் அதிர்ந்தது. தூசி அடங்கியபோது, அலுவலக வாசலில் பாலகணேஷ் கைப்பிடியைப் பற்றியபடி நிற்பது தெரிந்தது. மணி தரையிலேயே உட்கார்ந்து, பெட்டி விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதாம்மா," என்றார் பாஸ்கர் மூச்சு வாங்க. "நான் சொன்னது இத்ததான்."

அன்று மாலைக்குள் கிரேனைப் பூட்டினார்கள். வெளியிலிருந்து வந்த பரிசோதகர் பிரேக்கைக் கழற்றி, தேய்ந்து தகடாகிப்போன பட்டையை எல்லோரும் பார்க்க மேசைமேல் வைத்தார். பாஸ்கர் தன் வாக்குமூலத்தைத் தன் கையாலேயே தமிழில் எழுதினார். அரைப் பக்கம், நாலைந்து எழுத்துப் பிழைகள். எதையும் திருத்தக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்.

எபினேசரின் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் பழைய நடை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெற்றி வேலையை விட்டு விம்கோ நகரில் ஒரு பட்டறையில் சேர்ந்தான். பெனிஷாவை அலுவலகத்திலிருந்து வாசல் கூண்டுக்கு மாற்றினார்கள், உள்ளே வரும் லாரிகளின் எண்ணைப் பதிய. வெயிலும் டீசல் புகையும் நேரே முகத்தில் அடிக்கும் இடம். அப்பாவுக்குக் கோபம். பாலகணேஷிடம் போய்ப் பேசுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பிரேக்கை மாற்றிய பிறகும் பாஸ்கர் மூன்று வாரம் கிரேன் ஏறவில்லை. ஏணியில் கால் வைத்தாலே கை நடுங்குகிறது என்று மச்சானோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். நாலாவது வாரம், திங்கட்கிழமை காலை, சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏறிப் பாக்கறேம்மா," என்றார்.

பெனிஷா பதிவேட்டில் அவர் பெயரை எழுதி, நேரம் போட்டு, கதவைத் திறந்துவிட்டாள்.