கச்சான் வேரில் நிஸாவின் இரத்தம்

கிண்ணியாவில் நஜ்முன் நிஸாவின் இரத்தம் பாதி அவளுடைய உடம்பிலும் பாதி அவள் வீட்டு வளவில் நின்ற கச்சான், அதாவது நிலக்கடலைச் செடிகளின் வேர்களிலும் ஓடியது. அதை முதலில் கண்டவளும் இல்லையென்று வெட்டியவளும் அவளுடைய தங்கச்சி றுஷ்தாதான். கச்சான் வேரின் முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் குடியிருந்து செடிக்கு உரம் ஆக்கிக் கொடுக்கும், செடி அவற்றுக்குச் சீனி கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் என்னென்ன புரதங்கள் உண்டாகின்றன என்று பார்ப்பது பல்கலைக்கழகத்தில் றுஷ்தாவின் ஆராய்ச்சி. அந்த வளவில் வாரம் ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சுகளை ஐஸ் பெட்டியில் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவாள். அங்கிருந்து வருகிற புரதப் பட்டியலில் மனிதப் புரதம் இருந்தால், கைபட்ட அழுக்கென்று அந்த வரியை வெட்டிவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். எட்டு வாரம் வெட்டினாள். "செடியில கை வைக்காதீங்க தாத்தா எண்டு எத்தனை தரம் சொல்ற?" என்று, தாத்தா என்று அவள் கூப்பிடும் அக்காவுக்கு ஏச்சு வேறு.

நிஸா வாரத்துக்கு வாரம் வெளிறினாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றியும் ஒரு சுகமும் இல்லை. ஆனால் பசி மட்டும் அவளுக்கு எடுக்கவேயில்லை, செடியின் சீனி அவளுக்கும் வந்ததுபோல. ஒன்பதாம் வாரம் றுஷ்தா செடியைப் பிடுங்கிய அதே நேரம் குசினிக்குள் சட்டி விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் நிஸா தரையில். அல்லாஹ்வே, அன்றைக்குத்தான் அந்தப் படிச்சவளுக்கு உறைத்தது! வெட்டிய வரிகளை எடுத்துப் பார்த்தாள். எட்டிலும் இருந்தது மனித இரத்தத்தின் புரதம், ஒரே ஆளுடையது.

"இனிப் பிடுங்காத தங்கச்சி, எனக்கு ஏலாது" என்றாள் நிஸா. றுஷ்தா தலையிலடித்து அழுதாள். ஆனால் பிடுங்காவிட்டாலும் கச்சானுக்கு ஆயுசு நூற்றிச் சொச்சம் நாள்தானே, என்ன செய்ய? விடிய விடியத் தண்ணீர் ஊற்றினாள். தன் விரலைக் கீறி வேரடியில் பிடித்தாள், வேர் ஏற்கவில்லை. ஒவ்வொரு நுண்ணுயிரும் தனக்கான செடியைத்தான் தேடும் என்று அவளே எழுதியிருந்தாள். புதிதாக விதைத்ததும் நன்றாக முளைத்தது. அதற்கு நிஸாவைத் தெரியவில்லை. நிஸாவின் புருசன் முனீப் காய் பிடுங்க ஆள் கூப்பிடவில்லை, அந்தப் போகம் மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

இலைகள் மஞ்சளாகிப் பத்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, நிஸா மௌத்தானாள். மையத்தை, அவளுடைய உயிர்போன உடலை, குளிப்பாட்டிய பெண்கள் கால் விரல்களுக்கிடையில் நூல் நூலாக வெள்ளை வேர்களைக் கண்டார்கள். ஒருத்தி இழுக்கப் போக, றுஷ்தா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று தரம் தண்ணீர் வார்த்து, வேர்களையும் சேர்த்தே கழுவி, கஃபன் துணியால் மூடினார்கள்.