சுன்னிவாவின் பாதி

சுன்னிவா மறுபடியும் கூரைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். மண் வீட்டின் கூரை என்பதால் அதன்மேலும் புல் முளைத்திருந்தது. அக்டோபர் காற்றில் அந்தப் புல்லும் அவள் பாவாடையும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கீழே வாசலில் உட்கார்ந்து அவள் அக்கா டோர்போர்க் குளிர்காலத்துக்கு எரிக்கப் புல் முறுக்கிக்கொண்டிருந்தாள். காய்ந்த புல்லைக் கயிறுபோல் முறுக்கி இரண்டாக மடித்து முடிச்சுப் போட்டால் ஒரு விறகு ஆகும். ஒரு வேளை உருளைக்கிழங்கு வேக ஒரு கூடை விறகு போய்விடும். சுற்றுவட்டாரத்தில் குச்சி ஒடிக்கக்கூட ஒரு மரம் கிடையாது.

"இறங்குடீ. நீ மிதிக்கிற இடமெல்லாம் அடுத்த மழைக்கு ஒழுகும்."

"ஒழுகட்டும். நான் என் பாதியிலதான் நிக்கிறேன். ஒழுகினா என் தலையிலதான் ஒழுகும்."

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அமெரிக்காவின் டகோட்டாவில் நிலம் எழுதிக்கொண்டபோது சகோதரிகள் இருவரும் ஆளுக்கு நூற்றறுபது ஏக்கர், பக்கத்துப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்கள். ஐந்து வருஷம் அவரவர் நிலத்தில் அவரவர் குடியிருந்தால்தான் நிலம் சொந்தமாகும் என்பது சட்டம். ஆறு மாதம் ஆள் இல்லாமல் கிடந்தால் வேறு யார் வேண்டுமானாலும் வந்து உரிமை கேட்கலாம். தனித்தனியாக இரண்டு வீடு கட்ட அவர்களுக்குத் தெம்பில்லை. அதனால் டோர்போர்க் ஒரு யோசனை செய்தாள். எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் கயிறு பிடித்து, அந்தக் கோட்டின்மேலேயே ஒரே வீடாகக் கட்டினார்கள். புல்தரையை உழுது, வேரோடு வந்த மண்கட்டிகளைச் செங்கல்போல் அடுக்கி எழுப்பிய ஒற்றை அறை. அக்காவின் கட்டிலும் அடுப்பும் கோட்டுக்கு அந்தப் பக்கம், தங்கையின் கட்டிலும் வாசல் கதவும் இந்தப் பக்கம். கிணறு டோர்போர்க்கின் நிலத்தில் இரண்டு இடத்தில் தோண்டியும் சேறுதான் வந்தது. சுன்னிவாவின் நிலத்தில் தண்ணீர் கிடைத்தது. உழவு மாடுகளில் செவலை அக்காவுடையது, கறுப்பு தங்கையுடையது. பால் கறக்கும் பசு அக்காவுடையது, அது மேய்கிற நல்ல புல் தங்கையுடையது. ஆரம்பத்தில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள். "என் அடுப்புக்குப் பக்கத்துல குளிர்காயணும்னா வாடகை குடு" என்பாள் அக்கா. "அப்ப என் கதவு வழியா வெளிய போகாதே" என்பாள் தங்கை. மூன்றாவது வருஷம் அந்த வேடிக்கை நின்றுபோயிற்று. எப்போது நின்றது என்று டோர்போர்க்குக்கு நினைவில்லை.

போன குளிர்காலமாக இருக்கலாம். பனிப்புயல் கதவை மூடிவிட, வெளியே போக வழியில்லாமல் நாள்கணக்கில் உள்ளேயே கிடந்தார்கள். கோழிகளையும் உள்ளே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சுன்னிவா அவற்றோடு பேச ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு அக்கா ஏதாவது கேட்டால் கோழியைப் பார்த்துப் பதில் சொன்னாள். பனி உருகியதும் நடக்கத் தொடங்கினாள். பார்லியை வறுத்துப் போட்ட காபியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவாள். கோப்பையை எங்கேயோ புல்லில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வருவாள். ஒரு வாரம் கட்டிலைச் சுவரோரம் போடுவாள், அடுத்த வாரம் நடுவில் இழுப்பாள். எங்கே போட்டாலும் அவள் தூங்குவதில்லை என்பது டோர்போர்க்குக்குத் தெரியும். நார்வேயில் அவர்கள் பிறந்த இடத்தில் வீட்டுக்குப் பின்னால் மலை, முன்னால் கடல். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை எதிலாவது போய் முட்டும். இங்கே பார்வை போய்க்கொண்டே இருக்கிறது, திரும்பி வருவதே இல்லை என்று சுன்னிவா ஒருமுறை சொன்னாள். டோர்போர்க்குக்கு நினைவிருந்தது வேறு. அந்த மலையும் கடலும் பண்ணைக்காரனுடையவை. அவர்கள் அப்பா கூலிக்கு மாரடித்து, அவன் விட்டுவைத்த குடிசையிலேயே செத்தார். தன் காலடியில் இருக்கிற மண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள டோர்போர்க் கடல் தாண்டி வந்தாள். பார்வை எங்கே போனால் அவளுக்கு என்ன?

"அக்கா, ஒரு வண்டி வருது" என்றாள் கூரைமேல் இருந்தவள்.

வந்தது ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன்காரக் குடும்பம். புருஷன் பெயர் லோரென்ஸ், மனைவி அப்போலோனியா, மூன்று பிள்ளைகள். மேற்கே உறவுக்காரர்கள் இருக்கிற இடத்துக்குப் போகிறவர்கள். சுன்னிவாவின் நிலத்துச் சதுப்புக் குட்டையோரம் வண்டியை நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் அவர்களுடைய இரண்டு மாடுகளில் ஒன்று எழுந்திருக்கவில்லை. லோரென்ஸ் அதன் வாலைப் பிடித்துத் தூக்கினான், வாயில் எதையோ ஊற்றினான், பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் அது செத்தது.

சுன்னிவா ஒரு வாளிப் பாலும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அவங்க உன் நிலத்துல இருக்காங்க, அது உன் இஷ்டம்" என்றாள் டோர்போர்க். "பால் என் மாட்டோடது."

"உன் மாடு தின்னது என் புல்லு."

நின்றுபோன பழைய வேடிக்கைதான் அது. ஆனால் இருவரும் சிரிக்கவில்லை. அன்று சுன்னிவா இருட்டுகிற நேரத்தில்தான் வந்தாள். முகத்தில் களை வந்திருந்தது. பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. லோரென்ஸுக்குத் தெரிந்த இங்கிலீஷும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷும் சேர்ந்தால் பாதிக்கதை புரிகிறது, மீதியைக் கையால் பேசிக்கொள்கிறோம் என்றாள். அந்தப் பெண்மணி செத்த மாட்டின் தோலை ஒரு கிழிசல்கூட இல்லாமல் உரித்துவிட்டாள் என்றாள். டோர்போர்க் கேட்டுக்கொண்டே புல் முறுக்கினாள். தங்கை இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்ற நினைப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

அந்த வாரக் கடைசியில் குளிர் மழை பிடித்துக்கொண்டது. சுன்னிவா யாரையும் கேட்கவில்லை. போய் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்து தன் பாதியில் உட்கார வைத்தாள். தரையில் காலால் ஒரு கோடு இழுத்து, அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான் என்று கையால் காட்டிச் சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் காட்டினாள். பிள்ளைகள் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அடுப்பு எரிந்தபோது மூன்றும் அந்தக் கோடுவரை வந்து, கால்விரல்கள் அதைத் தொடாமல் வரிசையாக நின்று, கைகளை மட்டும் முன்னால் நீட்டிக் குளிர்காய்ந்தன. டோர்போர்க்குக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இந்தப் பக்கம் வாங்க" என்றாள். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. இன்னும் ஒரு அடி பின்னால் போயின.

"என்னடி சொல்லிவச்சிருக்க இதுங்ககிட்ட? நான் கடிச்சுத் தின்னுடுவேன்னா?"

சுன்னிவா தன் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணும் தண்ணீருமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. "நாளைக்கு மழை விட்டுட்டா நாளன்னைக்கு நான் லோரென்ஸோட டவுனுக்குப் போறேன்" என்றாள்.

"உப்பு தீர்ந்துடுச்சு, வாங்கிட்டு வா. மாவும் குறைஞ்சிருக்கு."

"வாங்கி அவர்கிட்ட குடுத்தனுப்பறேன். நான் திரும்பி வரல."

டோர்போர்க்கின் கையிலிருந்த புல் பிரிந்து விழுந்தது. அப்போலோனியா நிமிர்ந்து ஒருத்தியைப் பார்த்தாள், பிறகு மற்றவளைப் பார்த்தாள். பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நில அலுவலகத்துல என் நிலத்தை விட்டுக்கொடுத்துடறேன். அந்த நிமிஷமே அவர் தன் பேர்ல எழுதிக்குவார். ரயில் டிக்கெட்டுக்கு ஆகிறதை அவர் குடுக்கறார். கறுப்பை அவங்களே வச்சுக்கட்டும்."

"இன்னும் ரெண்டு வருஷம்" என்றாள் டோர்போர்க். "ரெண்டே வருஷம்டீ. அப்புறம் வித்துட்டு எங்க வேணும்னாலும் போ. நான் தடுக்கவா போறேன்?"

"இந்தக் குளிர்காலத்தை நான் தாண்ட மாட்டேன்க்கா. பயமுறுத்தறதுக்குச் சொல்லல."

"கிணறு உன்னுது. கதவு உன்னுது. என்னை எங்க போகச் சொல்ற? ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கவா?"

"அதுக்காகத்தான் இவங்க. சொல்லாம ஓடிப்போயிருந்தா, வசந்தத்துல நம்ம நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்து பார்த்துட்டுப் போனானே அந்தத் தாடிக்காரன், அவன் வந்து உக்காந்திருப்பான். இவங்க நல்லவங்க. இருப்பாங்க. மாடு செத்தப்புறம் இந்தக் குளிர்ல மேற்கே போக அவங்களால முடியாது."

"பாஷை தெரியாத ஜனத்தோட என்னை விட்டுட்டுப் போற."

சுன்னிவா எழுந்து உட்கார்ந்தாள். "பாஷை தெரிஞ்ச நாம ரெண்டு பேரும் போன கிறிஸ்துமஸ்லேர்ந்து என்ன பேசினோம், சொல்லு பாக்கலாம். ஒழுகுது, எரியல, மாட்டைக் கட்டு. வேற என்ன பேசினோம்?"

டோர்போர்க் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். ஒன்றும் கிடைக்காததுதான் அவளுக்குக் கோபத்தைக் கொண்டுவந்தது. போ, போய் எங்கேயாவது கண்டவன் துணியைத் துவைத்துச் சாகு, இனி எனக்குத் தங்கை இல்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தலைமாட்டில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. மழை விட்டதுபோல் இருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அப்போலோனியா தன் பக்கத்திலிருந்தே கையை எட்டி நீட்டி, சொட்டுக்குக் கீழே ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை வலித்திருக்க வேண்டும், இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கியிருந்தாள். டோர்போர்க் பார்க்காததுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

கிளம்பும் அன்று வானம் வெளுத்துக் கிடந்தது. டோர்போர்க் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். வழியனுப்ப வெளியே போகக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள். சுன்னிவா உள்ளே வந்து, பசுவின் அந்தப் பக்கம் நின்று அதன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு அவள் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. இருவருக்கும் நடுவில் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"எங்க போவ?"

"தெரியல. எங்கயாவது ஒரு மேடு இருக்கிற ஊரு. ரயில்ல உக்காந்து பாத்துக்கிட்டே போவேன். மேடு வந்தா இறங்கிடுவேன்."

"கிறுக்கு" என்றாள் டோர்போர்க். கறந்த பாலை ஒரு கோப்பையில் ஊற்றிப் பசுவின் வயிற்றுக்குக் கீழாக நீட்டினாள். "சூடா இருக்கு, குடிச்சுட்டுப் போ."

கோப்பை காலியாகத் திரும்பி வந்தது. பூட்ஸ்கள் நகர்ந்தன.

வெளியே லோரென்ஸ் வண்டியில் மாடு பூட்டுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. மாட்டை அதட்டுவதும், கட்டை இடிப்பதும், மறுபடி அதட்டுவதும். டோர்போர்க் பொறுத்துப் பார்த்தாள், பிறகு வெளியே வந்தாள். லோரென்ஸின் மாடும் கறுப்பும் ஒரு நுகத்தில் நின்றன. கறுப்பு முன்னால் இழுத்தால் அது பின்னால் இழுத்தது. இவன் ஓட்டினால் வண்டி வட்டமடித்தது. இதை வைத்துக்கொண்டு டவுன் போய்ச்சேர்வதற்குள் பனி விழத் தொடங்கிவிடும். சுன்னிவா மூட்டையோடு மேலே உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ரெண்டும் சேராது" என்றாள் டோர்போர்க். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தொழுவத்துக்குப் போய்த் தன் செவலையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். லோரென்ஸின் மாட்டை நுகத்திலிருந்து விடுவித்து அவன் மனைவியின் கையில் கயிற்றைக் கொடுத்தாள். செவலையைக் கொண்டுபோய்க் கறுப்பின் பக்கத்தில் நிறுத்தியதும் அது தானாகவே கழுத்தைத் தாழ்த்தியது. மூன்று வருஷமாக ஒன்றாக உழுதவை அவை. வாரை இறுக்கிக் கட்டினாள். ஒருதரம் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். லோரென்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னான்.

"செவலைக்கு இடது கால் கொஞ்சம் நோவு. மேட்டுல அடிக்க வேணாம்னு அவர்கிட்ட சொல்லு."

"இங்க மேடு ஏதுக்கா?" என்றாள் சுன்னிவா. அவளுடைய உதடு கோணியது. அது சிரிப்பா அழுகையா என்று தெரிவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

மாடுகள் நேராகப் போயின. டோர்போர்க் வீட்டுக்குள் போக நினைத்துத் திரும்பினாள். பிறகு மேலே கோட்டுகூடப் போடாமல் சக்கரத் தடத்திலேயே நடக்க ஆரம்பித்தாள். எதற்கு நடக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. தடத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் புல் படுத்துக் கிடந்தது. சில இடங்களில் அவள் பார்க்கப் பார்க்கவே நிமிர்ந்துகொண்டிருந்தது. நிலத்தின் கடைசி எல்லைக்கல்லைத் தாண்டினாள். மூன்று வருஷத்தில் அதைத் தாண்டி இந்தப் பக்கம் அவள் காரணமில்லாமல் வந்ததில்லை. வண்டி ஒரு பெட்டியளவு ஆயிற்று, பிறகு ஒரு வண்டாயிற்று. கூப்பிட்டால் கேட்காது என்ற தூரம் வந்த பிறகு ஒருமுறை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காற்று எதிரே வந்துகொண்டிருந்தது. கால்கள் இன்னும் போக வேண்டும் என்றன. இப்படியே நடந்தால் எங்கே போய் நிற்போம் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தாள். ஓரிடத்திலும் நிற்கத் தோன்றாது என்று பட்டது. சுன்னிவா ராத்திரியெல்லாம் தூங்காமல் படுத்திருந்து தன்னையே கேட்டுக்கொண்டது இதைத்தானா?

பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். என்ன சொல் என்று புரியவில்லை. ஜெர்மன் சொல்லாக இருக்கலாம், இல்லை யாரோ அவள் பெயரைச் சொல்லத் தெரியாமல் சொன்னதாகவும் இருக்கலாம். திரும்பிப் பார்த்தாள். இடுப்பளவு புல்லுக்குள் அப்போலோனியா வேகமாக வந்துகொண்டிருந்தாள். டோர்போர்க்கின் கட்டிலுக்கு மேல் ஆணியில் தொங்குகிற கம்பளிக் கோட்டை அவள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அதன் கைகளில் காற்று நிறைந்து, அவை இரண்டும் இரண்டு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தன.