மெல்ல மிதிக்கும்போது

"ஒண்ணுமே இல்ல புள்ள. நெய் மாதிரி ஓடுது."

புவனேசன் காரிலிருந்து இறங்கி, சாவியை மனைவி துளசியிடம் நீட்டாமல் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மறுபக்கம் இறங்கிய நூருல் அமீன் அவள் முகத்தைப் பார்க்காமல் துணியில் கையைத் துடைத்தான். ஈஜோக் சாலையோரத்து ஒர்க்‌ஷாப் அவனுடையது. துளசியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு ஆண்களும் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலக்கா," என்றான் நூருல் அமீன்.

"நடுங்குது தம்பி. தினமும் நடுங்குது."

"எந்த எடத்துல நடுங்குது?"

துளசிக்குச் சொல்லத் தெரியவில்லை. காரில் எந்த இடம் என்று அவள் கவனித்ததில்லை. முதலில் அது தன் தொடையில்தான் தெரிந்தது. அறுபது எழுபதில் போய்க்கொண்டிருக்கும்போது, சாலையில் இல்லாத ஒரு கரடு சக்கரத்துக்கு அடியில் வந்து போனது போல ஓர் உதறல். காய்ச்சல் வருவதற்கு முன்னால் உடம்பு ஒரு தரம் சிலிர்க்குமே, அந்த அளவுதான். பிறகு ஒன்றும் இருக்காது. தன் கால்தான் நடுங்கியதோ என்றுகூடச் சில நாள் குனிந்து பார்த்திருக்கிறாள்.

"அவளுக்குப் பயம் லா," என்று புவனேசன் சிரித்தான். "லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம்கூட ஆகல. நான் எத்தன வருஷமா செம்பனைக் குலை ஏத்தற லோரி ஓட்டறேன், கியர் பத்தி எனக்குத் தெரியாதா? இது சீல் பண்ண ஆட்டோ கியர். ஆயில் இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்குக் குச்சிகூட கெடையாது. ஆயுசுக்கும் மாத்த வேணாம்னுதான கம்பெனிக்காரன் மூடி வச்சிருக்கான்?"

"யாரு ஆயுசுக்குண்ணே? காருக்கா, வாங்கினவனுக்கா? அத அவன் சொல்லல." நூருல் அமீன் சொல்லிவிட்டு உடனே குரலைத் தாழ்த்தினான். "ஆனா அண்ணன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குக்கா. இது லட்சத்து எழுபதாயிரம் ஓடின வண்டி. ஒரு தடவகூட மாத்தினதில்ல. பழைய ஆயில்லயே பழகிப்போச்சு. இப்பப் போயி புதுசு ஊத்தினா சிலது நல்லா ஓடும். சிலது மறு வாரமே கியர் புடிக்காம நின்னுடும். நடுக்கத்த நானே பாத்தாதான் கை வைப்பேன். சும்மா இருக்கறத சொறிஞ்சு புண்ணாக்கக் கூடாது."

நின்றுவிடும். பெஸ்தாரி ஜெயாவில் துளசியும் புவனேசனும் இருக்கும் தாமான் குடியிருப்புக்கு விடியற்காலையில் பஸ் கிடையாது. கோலசிலாங்கூரில் உள்ள பாலர் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்ததே இந்தக் காரால்தான். அதற்கு முன்பு, யாராவது கூட்டிக்கொண்டு போகிற இடத்துக்குத்தான் அவள் போயிருக்கிறாள். இன்னொரு கார் வாங்க வழியில்லை. மாற்றாமல் விட்டு ஒரு நாள் லோரிகளுக்கு நடுவில் கார் நின்றால் விதி என்பார்கள். மாற்றி நின்றால் துளசி என்பார்கள்.

அவளுக்கு வீட்டு உத்தரம் நினைவுக்கு வந்தது. முன்பு இருந்த பலகை வீட்டில், அடுப்படிக்கு மேலே விடியற்காலையில் பொறுபொறுவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். புவனேசனிடம் சொன்னாள். அவன் ஸ்டூல் போட்டு ஏறி, உத்தரத்தை ஓங்கி நாலு குத்து குத்தினான். சத்தம் நின்றது. "பாத்தியா, ஒண்ணுமில்ல," என்றான். ஓங்கிக் குத்தினால் கரையான் வாயை மூடிக்கொள்ளும் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒரு மத்தியானம் உத்தரம் இறங்கியது. கீழே யாரும் இல்லை. 'நான் அப்பவே சந்தேகப்பட்டேன்' என்று அவன் ஊரெல்லாம் சொன்னதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. அது விழுவதற்கு முந்தைய சில மாதங்களில், அந்தச் சத்தம் தன் காதில் விழாமல் போயிருந்ததுதான் அவளை உறுத்தியது. கரையான் தின்றுகொண்டுதான் இருந்தது. அவள்தான் கேட்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

இப்போதும் அந்தப் பழக்கம் தொடங்கியிருந்தது. நேற்று மாலை நடுக்கம் வந்தபோது அவள் கை தானாக ரேடியோவின் சத்தத்தைக் கூட்டியது.

"சாவியக் குடுங்க," என்றாள். "நான் ஓட்டறேன். ரெண்டு பேரும் உக்காருங்க."

புவனேசன் பின்னால் ஏறினான். முன்னால் உட்கார்ந்த நூருல் அமீன், பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கியிருந்த தேநீரைத் தன் முன்னே இருந்த கொக்கியில் மாட்டினான்.

தோட்டத்துச் சாலை. இரு பக்கமும் செம்பனை மரங்கள். ஐம்பது. அறுபது. ஒன்றுமில்லை. வா, வந்துவிடு என்று ஒரு கோளாறை வேண்டிக்கொள்வது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அமுக்கு புள்ள, மாட்டு வண்டியா ஓட்டற?" பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் கால் தன்னை அறியாமல் அழுத்தியது. கார் பாய்ந்தது. நெய் மாதிரித்தான் ஓடியது.

"சொன்னேன்ல!"

பின்னால் ஒரு லோரி நெருங்கி ஹாரன் அடித்தது. கண்ணாடி முழுக்க அதன் முகம்.

"ஓரமா விடு, இல்லன்னா அமுக்கு! நடுவுல நின்னு என்ன பண்ற?"

"கொஞ்சம் பேசாம இருங்க."

அவள் அப்படிச் சொன்னதில் அவளே திடுக்கிட்டாள். லோரி ஹாரனை நிறுத்தாமல் வலப்பக்கம் ஏறித் தாண்டிப் போனது. தினமும் காலையில் தனியாகப் போகும்போது எப்படி மிதிப்பாளோ அப்படி, பெருவிரல் மட்டும் படுகிற மாதிரி, துளசி காலைத் தளர்த்தினாள். எழுபதுக்குக் கொஞ்சம் குறைவு. லேசான ஏற்றம்.

வந்தது.

கொக்கியில் தொங்கிய பையில் தேநீரின் மேல்பரப்பு சிறு சிறு கோடுகளாகச் சுருங்கி நடுங்கியது. நூருல் அமீன் கையிலிருந்த போனை மடியில் வைத்தான்.

"நிறுத்தாதீங்கக்கா. அப்படியே போங்க. கால ஆட்டாதீங்க." அவன் கதவில் உள்ளங்கையை வைத்தான். தேநீர் அடங்கியது. மறுபடி நடுங்கியது. "அல்லா! இதையா தெனமும் ஓட்டிட்டுப் போறீங்க?"

"ரோடு சரியில்ல லா," என்றான் புவனேசன். ஆனால் அவனும் முன்னால் சாய்ந்து பையைத்தான் பார்த்தான்.

"ரோடு இல்லண்ணே. மெதுவா மிதிச்சு ஒரே சீரா போறப்ப உள்ள ஒரு கிளட்ச் பூட்டிக்கும். ஆயில் செத்துப்போனா பூட்ட முடியாம இப்படி நடுங்கும். ஓங்கி மிதிச்சா அது பூட்டவே பூட்டாது. நீங்களும் நானும் ஓட்டினா எப்படித் தெரியும்?"

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் அவன் துளசியைப் பார்த்தே பேசினான். "ஆயில் மட்டும்னா மாத்தினா சரியாகும். கிளட்ச்சே தேஞ்சிருந்தா, மாத்தினதும் உள்ளதும் போகலாம். எதுன்னு வெளியிலேருந்து சொல்ல முடியாது. மாத்தாம விட்டா கண்டிப்பாத் தேயும். நான் கேரண்டி குடுக்க மாட்டேன்க்கா. நீங்கதான் சொல்லணும்."

புவனேசன் சிகரெட்டை எடுத்தான். "நீதான ஓட்டற. நீயே சொல்லு. நாளைக்கு என்னக் கேக்காத."

அது விட்டுக்கொடுத்தது அல்ல, கை கழுவியது என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தாலும் முடிவு சொல்ல வேண்டிய அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

"மாத்துங்க தம்பி," என்றாள்.

கார் லிஃப்ட்டில் மேலே ஏறியது. அடியில் திருகு கழன்றதும் எண்ணெய் வழிந்தது. சிவப்பாக இருக்க வேண்டியது தார் மாதிரி இருந்தது. நூருல் அமீன் அடித்தட்டைக் கழற்றி, உள்ளே இரும்புத் தூள் ஒட்டுவதற்காக இருந்த காந்தத்தை விரலால் வழித்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"மாவு மாதிரித் தூள்தான். துண்டு துண்டா இரும்பு இல்ல. நல்லதுதான்." பிறகு எச்சரித்தான்: "ஒரு தடவையில பாதி ஆயில்தான் எறங்கும். மீதி உள்ளயே நிக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, திரும்ப மாத்தணும்."

புது எண்ணெய் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, சூடு ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள். அளவு பார்க்கும் திறப்பிலிருந்து கூடுதல் எண்ணெய் நூலாக இறங்கி, பிறகு சொட்டுச் சொட்டாகியது. அவன் திருகை மூடினான்.

வீட்டுக்குப் போகும்போது புவனேசன் சாவியைக் கேட்காமலே இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். நூருல் அமீன் குடிக்காமல் விட்டிருந்த தேநீர் இன்னும் கொக்கியில் தொங்கியது. ஒவ்வொரு கியர் மாறும்போதும் அவள் உற்றுக் கவனித்தாள். கியர் பிடித்தது. மறுபடி பிடித்தது. அதே ஏற்றம். அவள் காலைத் தளர்த்தினாள்.

தேநீர் அசையவில்லை. புவனேசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எப்படி இருக்கு?"

அவன் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். அவள் ஜெயித்ததாக ஆகும், பேச்சும் முடியும். துளசி பெருவிரலில், தொடையில், முதுகில் அந்த நடுக்கத்தைத் தேடினாள். மிகத் தூரத்தில், யாரோ அடுத்த அறையில் பெருமூச்சு விட்டது போல ஒன்று வந்து போனது.

"இருக்கு," என்றாள். "கொஞ்சமா."

புவனேசன் பையைப் பார்த்தான். அது சும்மா தொங்கியது.

"அப்ப ஆயிரம் ஓடினதும் கொண்டு போயிடு," என்றான்.