வெள்ளி வயர்

கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து விற்கிற எதையும் குணரத்தினம் நம்பியதில்லை. அப்படிப்பட்டவரைத்தான் மனைவி கமலேஸ்வரி லிங்கநகரிலிருந்து டொக்யார்ட் வீதி ஃபோன் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஓமானில் இருக்கும் மகள் சிவாஜினி அனுப்பிய இயர்ஃபோனில் மகளின் குரலே ஆறு மாதமாகத் தெளிவில்லை. பிள்ளை வட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதைக் கேட்காமல் கமலேஸ்வரிக்குச் சோறு இறங்காது. கடைக்காரன் திலக்சன் ஒரு பார்வையிலேயே குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டான். இயர்ஃபோன் நல்லது, வயர்தான் மலிவு. அதைக் கழற்றி வெள்ளி கலந்த வயரைக் கொழுவினால் மகள் பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரி இருக்குமாம். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கலாமாம்.

பழைய வயரில் கமலேஸ்வரி முகம் சுளித்தாள். வெள்ளி வயரில் முகம் மலர்ந்தது.

"பிள்ளை மூச்சு விடுறதும் கேக்குதப்பா."

குணரத்தினம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம், கீழே நின்று கை காட்டுகிறவனின் விரலைப் பார்த்தே விஞ்ச் இயந்திரத்தில் பாரம் ஏற்றி இறக்கியவர். வெள்ளி வயர் கொழுவும்போதெல்லாம் திலக்சனின் பெருவிரல் ஃபோனின் விளிம்பில் சத்தத்தைக் கூட்டியது. பழையதுக்குக் குறைத்தது.

"அந்த விரலை எடு தம்பி."

அவன் ஐயா, ஐயா என்று குழைந்தான். தரம் வேறு, சத்தம் வேறு, அது கேட்டுப் பழகின காதுக்குத்தான் விளங்கும் என்றான். குணரத்தினத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஃபோனைப் பறித்துச் சத்தத்தை உச்சியில் விட்டு, இரண்டு வயரையும் அதே அளவில் போடச் சொன்னார். வீதியில் போனவர்கள் நின்று பார்க்கும்படி கள்ளன் என்று கத்தினார்.

கமலேஸ்வரி இரண்டிலும் கேட்டாள். இரண்டும் ஒன்று. சற்றுமுன் கேட்டதாக நினைத்த மூச்சும் இல்லை, வீட்டில் உச்சிக்கு ஏற்றிக் கேட்கும்போது விழுகிற அதே மங்கல்.

"பாத்தியே? வயரில ஒண்டுமில்லை."

அவள் அவரை முறைத்தாள்.

"இப்ப சந்தோசமே உங்களுக்கு? வயரும் பழுதில்லை, இயர்ஃபோனும் பழுதில்லை. அப்ப பழுது எதில எண்டு சொல்லுங்கோ."

குணரத்தினம் இயர்ஃபோனை வாங்கித் தன் காதில் வைத்தார்; மகளின் குரல் கணீரென்று கேட்டது. வீட்டில் அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, குறை என்று ஆறு மாதமாகச் சண்டை பிடித்தவர் அவர்தான்.

அவள் திலக்சனிடம் திரும்பினாள்.

"தம்பி, இதுக்கு மேல ஏத்த ஏலாதோ?"

"ஏலாது அம்மா. இதுதான் கடைசி."

அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. அதற்கும் சேர்த்து அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது குணரத்தினத்துக்கு.