செவ்வாய்க்கிழமையின் மரபணுக்கள்

உடலின் ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரே மரபணுத் தொகுதியே உள்ளது. எனினும் எல்லா மரபணுக்களும் எல்லா வேளையிலும் செயற்படுவதில்லை. எவை, எந்த அளவில் செயற்படுகின்றன என்பதை, அவற்றிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. நகல்களை எண்ணி அறியலாம். இதனை நான் நாற்பத்தொன்பதாம் வயதில் கற்றுத் தேர்ந்தேன். அதற்குமுன் பத்தொன்பது ஆண்டுகள் இதே ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவினேன்.

சிறுநீரக நோயாளிகள் பன்னிருவர், நலமுடையோர் பன்னிருவர் ஆகியோரின் இரத்தத்திலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதே என்னை நம்பித் தனியே ஒப்படைக்கப்பட்ட முதற்பணி. இது பிழைபட்டால் கழுவுதொட்டிக்கே திரும்ப நேரிடும் என அஞ்சினேன். ஆகவே நலமுடையோரைத் திங்களன்றும் நோயாளிகளைச் செவ்வாயன்றும் எடுத்துக்கொண்டேன். கழுவியதையும் கழுவாததையும் ஒரே தட்டில் வைத்தறியாத கை இது.

முடிவில் இரு சாராரிடையே மூவாயிரம் மரபணுக்களின் செயற்பாடு வேறுபட்டிருந்தது! திரையில் ஆளுக்கொன்றான புள்ளிகள் இரு கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

தரவுகளைக் கணக்கிடும் பெண்ணை நாங்கள் 'குடைச்சல்' என்போம். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, திங்கக்கிழமை ரெண்டு டியூப் மிச்சம் வச்சீங்களா?"

"ஆமா, நேரமாயிடுச்சு. மறுநாள் நோயாளிங்களோட சேர்த்துப் பண்ணிட்டேன்."

"அந்த ரெண்டு பேரும் நல்லா இருக்கிறவங்க. ஆனா பாருங்க, நோயாளிங்க கூட்டத்துல போய் நிக்கிறாங்க. இது நோயா, செவ்வாய்க்கிழமையா?"

"என் கைதானா?"

"கையா இருக்கலாம், அன்னிக்குத் திறந்த புது கெமிக்கல் பாட்டிலா இருக்கலாம். மூவாயிரமும் நோயாலன்னு எழுதினா நம்ம மானம் கப்பலேறிடும்."

ஆய்வகத் தலைவரிடம் நானே சென்று கூறினேன்.

"ரத்தம் மிச்சம் இருக்கா?" என்றார்.

"ஆளுக்கு ஒரு டியூப் ஃப்ரீசர்ல இருக்கு சார். வேற யாராவது பண்ணட்டும். நான் பழைய வேலைக்கே..."

"அங்க வேற ஆள் போட்டாச்சும்மா, இடமில்ல. நீங்களே கலந்து பண்ணுங்க."

அவருடைய அக்கருணையை எந்நாளும் மறவேன். குடைச்சல் சீட்டுக் குலுக்கி வரிசை குறித்தாள். நாளொன்றுக்கு அறுவர் நோயாளிகள், அறுவர் நலமுடையோர். இம்முறை வேறுபட்டவை நாற்பத்தேழு மரபணுக்களே.

நேரே அவள் மேசைக்குச் சென்றேன். "ரொம்ப நன்றிம்மா."

"எதுக்குக்கா?"

"மூவாயிரத்தைக் குறைச்சதுக்கு."

"கண்டுபிடிப்பைக் குறைச்சதுக்கு என்னைத் திட்டாத ஒரே ஆள் நீங்கதான்!"

அவள் நாற்காலியொன்றை எனக்காக இழுத்துப் போட்டாள். நாற்பத்தேழில் முதலாவது மரபணுவைப் பற்றி இருவரும் வாசிக்கத் தொடங்கினோம்.