நான் குடித்த கிண்ணம்

ஹிராயமா மேடம் அந்தத் தேநீர் செட்டை ஜப்பானிலிருந்து மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். பெட்டிக்குள் போட்டால் உடைந்துவிடும் என்ற பயம். எங்கள் கம்பெனியிடமிருந்து குழந்தைகளுக்கான பனியன் வாங்குபவர் அவர். வரும்போதெல்லாம் வேலை முடிந்ததும் முதலாளி சிவசுப்பிரமணியத்தின் வீட்டில் மதியச் சாப்பாடு. நானும் போவேன். அவருடைய ஆங்கிலம் போனில் பேசிப் பேசிப் பழகிய எனக்கு மட்டுந்தான் முழுதாகப் புரியும். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையில் இதுவும் ஒரு பகுதியாகிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் பெட்டியைப் பிரித்தார். பக்கவாட்டில் கைப்பிடி வைத்த ஒரு கெண்டி, ஐந்து கிண்ணங்கள். பளபளப்புப் பூச்சு எதுவும் இல்லாத சுட்ட மண். தொட்டால் விரலில் சொரசொரவென்று உரசியது. சூளையில் சாம்பல் விழுந்த இடங்களில் மஞ்சள் தீற்றல். கையால் செய்ததால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. எங்கள் செக்கிங் டேபிளுக்கு வந்திருந்தால் ஐந்தையும் ரிஜெக்ட் செய்திருப்பார்கள்.

அவரே தேநீர் தயாரித்தார். ஒரு கிண்ணத்தை முழுதாக நிரப்பவில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் ஊற்றி, மறுபடி திரும்பி வந்து கொஞ்சம் ஊற்றினார். எல்லோருக்கும் ஒரே திடம் வர வேண்டுமாம். முதலாளி, அவர் மனைவி சத்யப்பிரியா, முதலாளியின் அம்மா பொன்னாத்தாள், நான், மேடம் என்று ஐந்து பேரும் குடித்தோம்.

“இதென்ன கண்ணு, வேப்பங்கொழுந்தக் காச்சுனாப்புல இருக்குது?” என்றார் பொன்னாத்தாள் என்னிடம்.

“அத்தை, சிரிச்சுட்டே முழுங்குங்க. ஆர்டர் போயிரும்” என்றாள் சத்யப்பிரியா. முதலாளிக்குப் புரையேறியது.

கழுவும் முறையை மேடம் விளக்கினார். சோப்பு போடக் கூடாது, தேய்க்கக் கூடாது, வெந்நீர் போதும். இந்த மண் குடிக்கும், தினமும் ஊற்ற ஊற்றத் தேநீர் உள்ளே இறங்கி நிறம் மாறும் என்றார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பொன்னாத்தாள் குறுக்கிட்டார். “ஏங் கண்ணு, அப்ப ஒருத்தரு வாய் வெச்சது எப்பிடிப் போவும்?”

நான் கேட்டேன். மேடம் சிரித்தார். போக வேண்டியதில்லை, குடித்தவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள், அதுதான் இதன் அழகு என்றார். அதையும் சொன்னேன். நல்ல வாக்கியம் கிடைத்த சந்தோஷத்தில் கொஞ்சம் அழகுபடுத்தியே சொன்னேன். பொன்னாத்தாள் என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் புன்னகைத்தேன்.

சத்யப்பிரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் தொழில் கற்றுக்கொள்ள என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள். முதல் கரு கலைந்தபோது மாமியாரிடம் அழாமல் என் தோளில் அழுதவள். என் அம்மா இறந்தபோது சர்ச்சுக்கு வந்து கடைசிவரை நின்றவள். எனக்குத் தங்கை கிடையாது. அவள் ‘நிர்மலாக்கா’ என்று கூப்பிடும்போது அந்தக் குறை எனக்குத் தெரியாது.

அந்த வாரம் அவள் என் மேசைக்கு ஒரு பரிசுப் பொட்டலத்தோடு வந்தாள்.

“உங்களுக்குத்தானுங்க்கா. அன்னிக்கு நீங்க குடிச்ச கப்பு. ஞாபகமா வெச்சுக்கங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலிபாளையத்தில் எங்கள் வீட்டு ஷோகேஸில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கணவர் சகாயராஜ் பெருமாநல்லூரில் கட்டிங் மாஸ்டர். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மத்ததெல்லாம் எங்க?”

“அவங்க வீட்டுல. இது எனக்குக் குடுத்தாங்க.”

“அஞ்சு பீஸ் செட்டுல ஒண்ண எடுத்தா மிச்சம் நாலும் வேஸ்ட்டுதான? எவனாவது செட்டை ஒடைப்பானா?” என்று சிரித்தவர், “எந்தக் கப்பு இது?” என்றார்.

“நான் குடிச்சது.”

சிரிப்பு நின்றது. கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். “உன்னோட டம்ளர உங்கிட்டயே குடுத்துட்டாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

கோபம் வந்தது. முதலில் அவர்மேல்தான். எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிற மனிதர் என்று திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். ஆனால் ஒரு நூலை இழுத்துவிட்டால் பின்னலாடை என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வீட்டில் எனக்கு எப்போதும் வாழையிலையில்தான் பரிமாறுவார்கள். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். சாப்பிட்டதும் இலையோடு எல்லாம் போய்விடும். எவர்சில்வர் டம்ளரைத் தேய்த்துவிடலாம். இந்தக் கிண்ணத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. குடித்தவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள் என்று அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவளும் நான்தான்.

அதற்குப் பிறகும் ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன். இது பொன்னாத்தாளின் வேலை. சத்யாவுக்குத் தெரியாது. தூக்கிப் போடச் சொல்லியிருப்பார்கள், அவள் மனம் கேட்காமல் எனக்குக் கொண்டுவந்திருப்பாள். அவளை அதிலிருந்து காப்பாற்ற எத்தனையோ காரணங்கள் தேடினேன். அவளுக்காக அல்ல, அவள் அழத் தோள் கொடுத்த எனக்காக.

ஹிராயமா மேடம் மறுபடி வருவதற்கு முந்தைய நாள் சத்யா போன் செய்தாள்.

“அக்கா, அந்தக் கப்ப நாளைக்கு எடுத்துட்டு வந்துருங்க. நாலு மட்டும் இருந்தா மேடம் சங்கடப்படுவாங்க. போறப்ப நீங்களே எடுத்துட்டுப் போயிரலாமுங்க்கா.”

வெகு சாதாரணமாகச் சொன்னாள். சரி என்றேன். என் அப்பா தோட்டத்து வேலைக்குப் போகும்போது ஒரு அலுமினிய டம்ளரை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போவார். அவருக்கு அதை எடுத்து வரச் சொல்லி யாரும் போன் செய்யவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் கைப்பையில் லேப்டாப்பை மட்டும் வைத்துக்கொண்டு போனேன்.

வாசலிலேயே சத்யா கேட்டாள். “கொண்டாந்தீங்களாக்கா?”

“இல்ல சத்யா.”

“மறந்துட்டீங்களா? போச்சாதுங்க, பரவால்லீங்க. ஒடஞ்சு போச்சுன்னு சொல்லிரலாம்.”

இலைச் சாப்பாடு முடிந்தது. நான்கு கிண்ணங்களும் மேசைக்கு வந்தன. மேடம் எண்ணிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உடைந்துவிட்டதா என்று கேட்டார். சத்யாவின் கண்கள் என்மேல் இருந்தன. எத்தனையோ ஷிப்மென்ட் தாமதங்களுக்கு இதே மேடத்திடம் வாய் கூசாமல் பொய் சொன்னவள் நான்.

“இல்லை மேடம். நான் குடித்த கிண்ணத்தை எனக்கே கொடுத்துவிட்டார்கள். என் வீட்டில் இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேடம் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய மனது என்றார். செட் போனாலும் பரவாயில்லை என்று ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கும் குடும்பத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். எழுந்து பொன்னாத்தாளுக்குத் தலை தாழ்த்தி வணங்கினார்.

“என்ன கண்ணு சொல்றாங்க?” என்றார் பொன்னாத்தாள்.

“உங்களுக்குப் பெரிய மனசுன்னு சொல்றாங்கம்மா.”

“அட, அதெல்லாம் என்ன பெருசு” என்று அவரும் கும்பிட்டார். முதலாளி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லியிருந்தேன். அது அவர்களுக்கு மாலையாக விழுந்தது. மிச்சத்தையும் சொல்வதென்றால் அப்பாவின் டம்ளரிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கான ஆங்கிலம் என்னிடம் இருந்தது, வாய்தான் இல்லை.

மேடம் தன் முன்னால் இருந்த கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். இன்று நீ இதில் குடி, நான் அப்புறம் குடிக்கிறேன் என்றார். கையை நீட்டினேன்.

பொன்னாத்தாள் அசையவில்லை, வாயும் திறக்கவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. சத்யாதான் எழுந்தாள்.

“அய்யோ, மேடத்தோட கப்பு வேண்டாங்க்கா. உங்களுக்கு நான் வேற கொண்டாறேன்.”

கிட்டத்தட்ட ஓடினாள். அவள் குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கியதில் மிஞ்சியது போல, பலூன் படம் போட்ட காகிதக் கப் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. ஒரு கிண்ணத்தைச் சரியான நேரத்தில் காப்பாற்றிவிட்ட நிம்மதி முகத்தில் அப்படியே தெரிந்தது.

மேடம் சற்றுத் தயங்கி, பிறகு வழக்கம்போலவே சுற்றிச் சுற்றி ஊற்றினார். காகிதக் கப்புக்கும் அதே திடம்.

குடித்தேன். மெழுகு வாசனைதான் முதலில் வந்தது. சத்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலியானதும் வாங்கிக் கசக்கிப் போடுவதற்காகக் கையை நீட்டியபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.